டஸ்டருக்கு உதிரி பாகம் தேடும் மருமகனுக்கு

சென்னை

அன்புள்ள இளங்கோ,

2014-ம் வருஷத்து டீசல் டஸ்டர் ஒன்றை செகண்ட்ஸில் வாங்கிவிட்டாய் என்று அக்கா போனில் சொன்னாள். குரலில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். "கம்பெனியே நிறுத்திட்ட வண்டியாம், ஸ்பேர் கிடைக்காதாம், உண்மையாடா?" என்று கேட்டாள். பாதி உண்மை. பிஎஸ்6 மாசு விதி வந்த 2020 ஏப்ரலோடு டீசல் டஸ்டர் நின்றது. 2022-ல் அந்தத் தலைமுறை வண்டியே இங்கே நின்றது. ஆனால் 2012-லிருந்து நம் ஒரகடத்திலேயே செய்யப்பட்ட வண்டி அது. ஸ்பேர் கிடைக்கும். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாதவனுக்குத்தான் கிடைக்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கடையில் போய் "டஸ்டருக்கு கிளட்ச் கொடுங்க" என்று கேட்காதே. டஸ்டர் என்பது ஒரே வண்டி இல்லை. டீசலிலேயே எஞ்சின் சக்தியில் 85 பி.எஸ்., 110 பி.எஸ். என்று இரண்டு. இரண்டிலும் அதே 1.5 லிட்டர் கே9கே எஞ்சின்தான். ஆனால் 85-க்கு ஐந்து கியர், 110-க்கு ஆறு கியர். டர்போவும் வேறு, கிளட்ச் செட்டும் வேறு. 2014 கடைசியில் நான்கு சக்கர இழுவை கொண்ட வண்டி வந்தது. அதன் பின்பக்க சஸ்பென்ஷன் அமைப்பே தனி. உன் வண்டியில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், அதில் இருப்பது மல்டி லிங்க். அதன் பின் ஷாக் அப்சார்பரை உனக்குக் கொடுத்தால் வீட்டில் வைத்து அழகு பார்க்கலாம். 2016-ல் முகம் மாறியது. முன் விளக்கு, கிரில், பம்பர் வாங்கும்போது "பழைய மாடலா, புது மாடலா" என்று கடைக்காரர் கேட்பது அதனால்தான்.

ஆகவே முதல் வேலை, உன் வண்டி யார் என்று தெரிந்துகொள்வது. ஆர்.சி.யில் சேசிஸ் எண் இருக்கிறது. வண்டியில் பொறித்திருப்பதும் அதுவும் ஒன்றா என்று பார். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வராது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பக் கூடாது என்று உலகம் முழுக்க வைத்துக்கொண்ட ஏற்பாடு. வட்டமாகத் தெரிந்தால் சைபர் என்றே எழுது. நம் ஊரில் பாதித் தவறான பாகங்கள் இந்த ஒரு எழுத்தில்தான் ஆரம்பிக்கின்றன. ஆர்.சி.யில் பதிவுத் தேதி ஒன்று, தயாரித்த மாதம் ஒன்று என்று இரண்டு இருக்கும். கடைக்காரருக்குத் தேவை தயாரித்த மாதம். வருஷக் கடைசியில் தயாராகி, ஷோரூமில் கிடந்து, அடுத்த வருஷம் பதிவான வண்டிகள் ஏராளம். இதையெல்லாம் தெளிவாகப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்.

அடுத்தது உன் வண்டியின் சொந்தபந்தம். கார்களுக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், பெரியப்பா மகன் எல்லாம் உண்டு. நிசான் டெரானோ டஸ்டரின் உடன்பிறப்பு. 2013-ல் வந்தது, அடித்தளமும் எஞ்சினும் அதேதான். முகமும் பின்பக்கமும் மட்டும் வேறு என்பதால் பம்பர், கிரில், விளக்கு இவற்றுக்கு அந்தப் பக்கம் போகாதே. எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் சாமான்களுக்குத் தாராளமாகப் போ. ரெனோ லாட்ஜி, இந்திய கேப்சர், நிசான் கிக்ஸ் டீசல், நிசான் சன்னி டீசல், ரெனோ ஸ்காலா, அவ்வளவு ஏன், மஹிந்திராவோடு கூட்டாக 2007-ல் வந்த லோகனும் அதற்குப் பிறகு வந்த வெரிட்டோவும்கூட இந்தக் கே9கே எஞ்சினின் ஏதோ ஒரு வடிவத்தில் ஓடியவைதான். டஸ்டர் கடையில் இல்லை என்று சொன்ன பாகம், வெரிட்டோ டாக்ஸிக்கு சாமான் விற்றவரின் பரணில் இருக்கலாம். ஆனால் சொந்தக்காரர் என்பதாலேயே சட்டை பொருந்திவிடாது. வெரிட்டோவில் இருந்தது 65 பி.எஸ். வடிவம். அதன் டர்போவும் இன்ஜெக்டரும் உனக்கு ஆகாது. உறவைச் சொல்லித் தேடு. எண்ணைப் பார்த்து வாங்கு.

எந்த எண்? பாகத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பர். ரெனோவில் பழைய எண்கள் 77, 82 என்று தொடங்கும் பத்து இலக்கம். 6001 என்று தொடங்குபவை டாசியா வழி வந்தவை. ஐரோப்பாவில் இந்த வண்டிக்கு டாசியா என்றுதான் பெயர். பிற்பாடு வந்த எண்கள் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆங்கில ஆர் எழுத்துமாக இருக்கும். இந்தப் புது வகையில் ஒரு வசதி உண்டு. நிசானோடு கூட்டுச் சேர்ந்ததால், முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பதையே சொல்லும். 41060 என்றால் முன் பிரேக் பேட், 44060 என்றால் பின் பிரேக்குக்கானது. உன் வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக். அதனால் பின் பேட் என்று ஒரு பெட்டியை யாராவது நீட்டினால், அது வேறு வண்டிக்கானது என்று நீயே சொல்லலாம். எண் பொருந்தவில்லை என்று உடனே கையை விரிக்கவும் வேண்டாம். கம்பெனி ஒரு பாகத்தைத் திருத்தும்போது பழைய எண்ணை மூடிவிட்டுப் புது எண் கொடுக்கும். "இந்த நம்பர் மாறியிருக்கா?" என்று கேள். ஷோரூம் பார்ட்ஸ் கவுன்ட்டரில் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் சொல்வார்கள். வாங்காமல் எண்ணை மட்டும் கேட்டாலும் பல இடங்களில் முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள்.

உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடில் நல்ல கவுன்ட்டர் ஆள் கிளட்ச் பிளேட் கொடுப்பதை ஒரு தடவை நின்று பார். கழற்றிய பழைய பிளேட்டைத்தான் முதலில் கேட்பார். பழசைப் புதுசின் மேல் வைத்து விளிம்பு சரியாக உட்காருகிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவுவார். பிறகு நடுவில் உள்ள பற்களை நகத்தால் எண்ணுவார். கடைசியில் திருப்பி, ஸ்பிரிங் புடைப்பின் உயரத்தைப் பார்ப்பார். விட்டம், பல், உயரம் மூன்றும் ஒத்தால்தான் பில். பழசைக் கொண்டுபோகாமல் வாயால் மட்டும் கேட்டு வாங்குகிறவனுக்கு இந்தச் சோதனை எதுவும் கிடைக்காது.

இனி 'ஒரிஜினல்' விவகாரம். கார் கம்பெனி பிரேக்கையும் ஸ்டார்ட்டரையும் தானே வார்த்துச் செய்வதில்லை. பாடியிலும் அம்பத்தூரிலும் பல பத்தாண்டுகளாக அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்: லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, ராணே. இப்படிக் கார் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் ஒருவர் அதே பொருளைத் தன் பெயர் போட்ட பெட்டியிலும் விற்பார்; கார் கம்பெனி பெட்டியில் வருவதைவிட விலை குறையும். உன் வண்டியின் பழைய பாகத்தில் யார் முத்திரை இருக்கிறதோ, அவர் பெட்டியையே வாங்கு. மூன்றாவது ரகம், பெயர் கேள்விப்படாத லோக்கல். கதவுக் கைப்பிடி, மட்ஃபிளாப் போன்றவற்றுக்கு லோக்கலே போதும், அதில் பெருமை பார்க்காதே. பிரேக், ஸ்டீயரிங், பெல்ட் மூன்றிலும் வேண்டவே வேண்டாம். நான்காவதாக ஒன்று, கம்பெனிப் பெட்டி மாதிரியே அடித்த டூப்ளிகேட். ஃபில்டரில் இது அதிகம். மரை சரியாக ஏறும், ரப்பரும் உட்காரும். ஆனால் உள்ளே உள்ள பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும், நிறுத்திய பிறகு ஆயில் கீழே வடியாமல் தடுக்கும் ரப்பர் இருக்கிறதா என்பதெல்லாம் வெளியில் தெரியாது. எஞ்சின் தேய்ந்த பிறகுதான் தெரியும். பில் போடமாட்டேன் என்கிற கடையில் ஃபில்டர் வாங்காதே.

உன் வண்டியில் எனக்கு உண்மையான கவலை ஒன்றுதான்: டைமிங் பெல்ட். கே9கே எஞ்சினில் செயின் கிடையாது, பெல்ட். கேம் ஷாஃப்ட்டை மட்டுமல்ல, உயர் அழுத்த டீசல் பம்பையும் வாட்டர் பம்பையும் சுற்றுவதும் அதே பெல்ட்தான். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அத்தோடு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். ஓனர் புத்தகத்தில் கிலோமீட்டர் ஒன்றும் வருஷம் ஒன்றும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. "வண்டி ஓடவே இல்ல சார், கம்மி கிலோமீட்டர்" என்று விற்றவர் சொல்லியிருப்பார். பெல்ட் ரப்பர், நின்ற இடத்திலேயே வயசாகும். பெல்ட்டை மட்டும் வாங்காமல் டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த கிட்டாக வாங்கு, கூடவே வாட்டர் பம்பையும் மாற்று. பம்ப் ஆறு மாதம் கழித்து ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் கேம் ஷாஃப்ட்டையும் கிராங்க்கையும் அசையாமல் பூட்டும் பின் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேள். "சுண்ணாம்புல கோடு போட்டு மாட்டிடலாம் தம்பி" என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வா.

இன்ஜெக்டர் மாற்றும் நிலை வந்தால் இன்னொன்று. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அதற்கே உரிய ஒரு குறியீடு இருக்கும். அதை ஸ்கேனரில் எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மாட்டினால் ஓடும், ஆனால் புகையும் தட்டலுமாக ஓடும்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்று கேட்பாய். போ. கதவு, கண்ணாடி, சீட், டேஷ்போர்டு பிளாஸ்டிக், கம்பெனி அலாய் வீல் இதெல்லாம் அங்கே வாங்குவதே புத்திசாலித்தனம். நின்றுபோன வண்டிக்கு உள் அலங்காரச் சாமான்கள் ஷோரூமில் கிடைப்பது இனி வருஷத்துக்கு வருஷம் குறையும். லோயர் ஆர்ம் வாங்காதே. விபத்தில் வளைந்ததை நிமிர்த்தியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஏர்பேக், சீட் பெல்ட் தொடவே தொடாதே. எஞ்சின் கம்ப்யூட்டரும் அப்படித்தான், இம்மொபிலைசரில் பழைய சாவியோடு பூட்டிக் கிடக்கும்.

வெளிநாட்டுக் கடைகளில் இணையம் வழியாக டாசியா விளக்கு அழகாகத் தெரியும். அங்கே பெரும்பாலான நாடுகளில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுகிறது. அந்த விளக்கை இங்கே மாட்டினால் லோ பீம் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். வைப்பர் கையும் எதிர்ப்பக்கமாக இருக்கும்.

இப்போது உன் ஆசைக்கு வருகிறேன். அலாய் வீலும் பெரிய டயரும் போட வேண்டும் என்கிறாயாம். டஸ்டருக்கு ஐந்து ஓட்டை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ., நடுத்துளை 66.1. க்ரெட்டாவுக்கும் 5, 114.3 தான், நடுத்துளை 67.1. ஒரு மி.மீ. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும், போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். இன்னோவா கிரிஸ்டா வீலும் அதே 5, 114.3, ஆனால் நடுத்துளை 60.1, உன் ஹப்பில் ஏறவே ஏறாது. ஓட்டை பொருந்துகிறது என்று காட்டி விற்பவரிடம் நடுத்துளையையும் ஆஃப்செட்டையும் கேள். நட் உட்காரும் குழி கூம்பா, உருண்டையா என்றும் பார்.

டயர் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார். உன்னுடையது 215/65 ஆர்16. அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவர், இரண்டு பக்கமும் சேர்த்து 279.5 மி.மீ.; ரிம் 406.4, மொத்தம் ஏறக்குறைய 686. 215/60 ஆர்17 போட்டால் 690 வரும், ஒன்றும் ஆகாது. 225/70 ஆர்16 போட்டால் 721; ஐந்து சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போகும், பிக்கப் குறையும், வளைவில் ஃபெண்டர் லைனிங்கில் உரசும். 3 சதவீதத்தைத் தாண்டாதே என்பது தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். எந்த டயர் வாங்கினாலும் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தைப் படி. 2325 என்றால் 2025-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. தள்ளுபடி டயரின் ரகசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

விளக்கு பல்பில் 100 வாட் போடாதே. கம்பெனி பல்புக்கென்று போட்ட ஒயரில் எட்டு ஆம்பியருக்கு மேல் போகும்; ஹோல்டர் உருகும். முன்னால் கிராஷ் கார்டு கூடவே கூடாது. மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதி நடவடிக்கை எடுக்கச் சொன்ன விஷயம் அது. மோதலின் வேகம் ஏர்பேக் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தையே அந்தக் கம்பி மாற்றிவிடும். நடந்து போகிறவன் காலையும் உடைக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே எஞ்சின் மாற்றம், பாடி மாற்றம் பற்றி யோசிக்காதே.

உண்மையான அப்கிரேடு வேண்டுமா? நல்ல ஷாக் அப்சார்பர், புது புஷ், புது டயர், புது பிரேக் ஆயில். யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள். வண்டி 2014-ல் ஷோரூமிலிருந்து வந்தபோது ஓடிய மாதிரி ஓடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்த பில்களை எல்லாம் எடுத்து வைத்து, டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். சேசிஸ் எண்ணை எனக்கு அனுப்பு, கிட் நம்பரை ஜி.பி. ரோடில் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை வண்டியை ஊட்டி மலை ஏற்றாதே.

அன்புடன்,
மாமா