சமநிலையும் பழகினால் வரும்

அன்புள்ள கயல்,

தாத்தாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்ததிலிருந்து, விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் அவரை எழுந்து நடக்கவே விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். உன் அக்கறை புரிகிறது. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்துப்போகும், நடக்கும் தைரியமும் போய்விடும். விழும் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வருவதுதான் இந்த நோய். நடப்பது, திரும்புவது, தள்ளாடினால் சட்டென்று ஒரு காலை எட்டி வைப்பது எல்லாம் நாம் யோசிக்காமல் செய்பவை. டோபமைன் குறைந்தால் இவை கெடும். அடி சிறுத்துவிடும், தாங்கவேண்டிய கால் தாமதமாக வரும். இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை விறைப்பையும் மந்தத்தையும் நன்றாகவே குறைக்கிறது. சமநிலைக்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. அதனால்தான் பிசியோதெரபி வேண்டும் என்கிறேன்.

தானாக வராத அசைவைக் கவனம் வைத்து வரவழைப்பதுதான் இதில் முக்கியம். தரையில் குறுக்குக் கோடுகள் ஒட்டி, தாண்டி நடக்கச் சொன்னால் அடி பெரிதாகும். கைத்தாளத்துக்கு நடந்தால் நடை சீராகும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பவேண்டும். கால் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதே. நிற்கட்டும், உடல் எடையை இப்படியும் அப்படியும் மாற்றி, பிறகு அடி எடுக்கட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதே, கவனம் சிதறும்.

2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வு ஒன்று வந்தது. பார்க்கின்சன் உள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் 2 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குத் தாய் சீ, ஒன்றுக்குத் தசை வலுப் பயிற்சி, இன்னொன்றுக்குத் தசை நீட்டும் பயிற்சி. சமநிலையில் முந்தியது தாய் சீ குழு. தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் விழுந்ததும் குறைவு. தாய் சீயில் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நிதானமாக மாற்றி, எட்டும் அளவுக்குச் சாய்ந்து மீளவேண்டும். சமநிலைக்குச் சற்றுச் சவாலாக இருக்கும் பயிற்சிதான் அதை வளர்க்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

சவால் இருக்கலாம், ஆபத்து கூடாது. முதலில் பிசியோதெரபிஸ்ட் அவரைச் சோதித்து, எது செய்யலாம் என்று சொல்லட்டும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், பிடித்துக்கொள்ளச் சமையல் மேடையோ சுவரோ பக்கத்தில் இருக்க, நீயும் அருகில் நின்று செய்யவை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழக்கு. எழுந்ததும் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்.

நோய் நின்றுவிடும் என்று அவருக்கு வாக்குக் கொடுக்காதே. விழுவது குறைந்தால், தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் காலம் நீளும். அதற்காக எவ்வளவு பாடுபட்டாலும் தகும், கயல். இந்த வாரமே தொடங்கிவிடு.

அன்புடன்,
அத்தை