புதர் மண்டும் தூந்திரம்: வெப்பம் மட்டுமா காரணம்?

நம்பிக்கை: ஆர்க்டிக் சூடானால் புதர் மண்டியே தீரும், மேயும் விலங்குகளால் அது மாறாது.

உண்மை: வெப்பம் கூடும்போது தூந்திர நிலத்தில் குட்டை பிர்ச்சும் வில்லோவும் தழைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு தழைக்கும் என்பதை வெப்பநிலை மட்டுமே முடிவு செய்வதில்லை. ஆய்வாளர்கள் எரிக் போஸ்ட், கிறிஸ்டியன் பெடர்சன் இருவரும் மேற்குக் கிரீன்லாந்தில் ஐந்து ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2008இல் வெளியானது. துருவ மான்களும் கஸ்தூரி எருதுகளும் நுழையாதபடி சில இடங்களுக்கு வேலியிட்டு, வேறு சில இடங்களை மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டு, இரண்டிலும் சிறு பரப்புகளைச் செயற்கையாகச் சூடாக்கினார்கள். வேலிக்குள் சூடாக்கிய பரப்புகளில், புல் ஓங்கியிருந்த நிலம் பிர்ச் ஓங்கிய நிலமாக மாறியது. மேய்ச்சல் நடந்த இடத்திலோ, சூடாக்கிய நிலத்துக்கும் சூடாக்காத நிலத்துக்கும் தாவரக் கலவையில் வேறுபாடே தெரியவில்லை. வெப்பத்தால் பிர்ச்சுக்குக் கிடைத்த வளர்ச்சியை மேய்ச்சல் 46 விழுக்காடும், வில்லோவுக்குக் கிடைத்ததை 11 விழுக்காடும் குறைத்திருந்தது.

நம்பிக்கை: அப்படியானால் மந்தையைப் பெருக்கினாலே புதர் அடங்கிவிடும்.

உண்மை: விலங்கு எல்லாவற்றையும் தின்பதில்லை, எல்லா உயரத்தையும் எட்டுவதுமில்லை. அலாஸ்காவின் குட்டை பிர்ச்சில் பிசின் மிகுதி. அதை மான்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ரஷ்யாவின் யமால் பகுதியில் வில்லோ புதர்கள் இரண்டு மீட்டரைத் தாண்டி வளர்ந்த இடங்களில், அவற்றின் நுனித் தளிர் மான்களின் வாய்க்கு எட்டாது. அங்கே மான் மேய்க்கும் நெனெத்ஸ் மக்களுக்கு அடர்ந்த புதருக்குள் மந்தையைக் கண்காணிப்பதே சிரமம். புதர் இளசாக இருக்கும்போது, இலை துளிர்க்கும் கோடையில் மேய்வதுதான் பலன் தரும்.

நம்பிக்கை: புதர் கரியமில வாயுவை உறிஞ்சுமே, அதை ஏன் தடுக்க வேண்டும்?

உண்மை: உறிஞ்சுவது மெய்தான். கோடையில் அதன் நிழல் மண்ணைக் குளிர்விப்பதும் மெய்தான். ஆனால் பனிக்கு மேலே நீட்டி நிற்கும் கருங்கிளைகள் வெயிலை வாங்கிக்கொள்கின்றன. புதரில் சிக்கிக் குவியும் பனி, போர்வையைப் போல மூடிக் குளிர்காலத்திலும் மண்ணைக் கதகதப்பாக வைக்கிறது. வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கரிமம் வட துருவப் பகுதியின் நிரந்தர உறைமண்ணில் புதைந்திருக்கிறது. அந்த மண் உருகினால் வெளியேறும் கரிமத்துக்குப் புதர் சேர்த்துவைப்பது ஈடாகாது. எனவே ஆர்க்டிக்கின் நாளையைக் கணிப்பவர்கள் வெப்பநிலையோடு மந்தைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாலையும் சுரங்கமும் மான்களின் வலசைப் பாதையை மறிக்கும்போது, விலங்கோடு சேர்த்து அந்த நிலத்துக்கு இருக்கும் ஒரு காப்பையும் நாம் இழக்கிறோம்.