சனிக்கிழமை காலை, ஒரு பெட்டியைத் தேடி

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கணவருக்குப் பினாங்கில் தொழிற்சாலை வேலை, தமக்குக் கெடாவில் பள்ளிக்கூட வேலை. இரண்டு பிள்ளைகள், உடன் மாமியார். விடுமுறையில் எங்கே கிளம்பினாலும் பேரங்காடியில்தான் போய் முடிகிறது. ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைக் கணவர் கைப்பேசியில் காட்டினாராம். குடும்பமாக இதில் இறங்கலாமா, தோட்டப்புறங்களில் ஆபத்து உண்டா, மாமியாரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

தாராளமாக இறங்குங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி: எண்ணிக்கைக்காக ஓடாதீர்கள். பினாங்கிலும் லங்காவியிலும் இருக்கும் அளவுக்குப் பெருநிலத்துக் கெடாவில் பெட்டிகள் கிடையாது. பாலிங், சிக் பக்கம் போகப் போக இன்னும் குறையும். ஐரோப்பாவில் ஒரே நாளில் ஐம்பது பெட்டி எடுப்பவர்களைப் பார்த்து ஆசைப்பட்டால் இரண்டு மாதத்தில் சலித்துவிடும். ஒரு காலைக்கு ஒரு பெட்டி, அந்த ஒரு பெட்டி இருக்கும் ஊரை நின்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டால், கெடாவைப் போல் இதற்கு ஏற்ற மாநிலம் குறைவு.

விளையாட்டு எளிமையானது. யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு ஒன்றைப் போட்டு, ஓரிடத்தில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிவு செய்கிறார். நீங்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறீர்கள். மண்ணைத் தோண்டும் வேலையே இல்லை. பெட்டியைப் புதைக்கக் கூடாது என்பது விதி. விளையாட்டு பிறந்த கதை இது: 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை, பொதுமக்களுக்கு வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே துல்லியம் குறைத்து அனுப்பியது. அந்தத் தடை நீங்கிய கையோடு, மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்து எண்களை வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் தொடங்கிய ஜியோகேச்சிங் டாட் காம்தான் இன்று உலகம் முழுவதற்கும் பதிவேடு.

செயலியை இறக்கி இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். சந்தா கட்ட அவசரம் வேண்டாம். இலவசக் கணக்கில் சில பெட்டிகளின் முழு விவரம் செயலியில் திறக்காது. அவற்றில் பலவற்றை இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு, இரண்டுமே 1 முதல் 5 வரை. ஒன்று, தேடுவது எவ்வளவு கடினம். மற்றது, நடந்து போவது எவ்வளவு கடினம். நடைக்கு 1 என்றால் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம் என்று பொருள். மாமியார் வருகிற நாளில் நடைமதிப்பு 1 அல்லது 1.5 உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மதிப்பெண்ணைவிட முக்கியமான இன்னொன்று உண்டு: கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள் என்ற குறிப்பு. நம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பிளாஸ்டிக் டப்பா வெடித்துப்போகும், எறும்பு குடியேறும், பராமரிக்கிறவர் ஊர் மாறிப் போயிருப்பார். ஓராண்டாக யாரும் தொடாத பெட்டியை முதல் நாளே தேடப் போய்ப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள்.

உங்கள் வீட்டு நாள்காட்டிக்கு வருவோம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். ஆக உங்கள் இருவருக்கும் பொதுவானது சனிக்கிழமை மட்டுமே. அந்த நாளைக் கடைச் சாமானுக்கும் கல்யாண வீட்டுக்கும் விட்டுக்கொடுத்தது போக மிச்சம் விழுவது பெரும்பாலும் காலைப் பொழுதுதான். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஏழரை மணிக்குப் பசியாறிவிட்டுக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் திரும்பிவிடலாம். மதியத்துக்கு மேல் குனோங் ஜெராய் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் இடியும் மின்னலும் தொலைவில் இல்லை. அப்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

கணவன் மனைவிக்கு ஒரு தனிக் குறிப்பு. இந்த விளையாட்டைத் தொடங்கும் தம்பதியர் சண்டை போடும் இடம் கடைசிப் பத்து மீட்டர். கைப்பேசி வைத்திருப்பவர் ‘இங்கேதான்’ என்பார், மற்றவர் ‘அங்கே’ என்பார். இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். எண்களின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஆனால் சாதாரணக் கைப்பேசி திறந்த வெளியிலேயே 5 மீட்டர்போலப் பிசகும். செம்பனை மட்டைகளின் கீழே இன்னும் மோசம். ஒளித்தவரின் கருவியிலும் பிசகு இருந்திருக்கும். அதனால் பத்து மீட்டர் நெருங்கியதும் கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன் என்று யோசித்துக் கண்ணால் தேடுங்கள். கைப்பேசியும் ஒருவரிடமே இருக்கக் கூடாது: ஒரு பெட்டிக்கு நீங்கள் வழிகாட்டி, அடுத்த பெட்டிக்கு அவர். எப்போதும் அவரே வழிகாட்டி, நீங்களே தண்ணீர்ப் புட்டியும் துவாலையும் சுமப்பவர் என்று ஆகிவிட்டால் இது குடும்ப விளையாட்டு இல்லை, அவருடைய பொழுதுபோக்குக்கு நீங்கள் துணை போவதுதான். தேடிக் கிடைக்கவில்லையா? அரை மணி நேரத்தோடு நிறுத்தி, கிடைக்கவில்லை என்றே பதியுங்கள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் பெட்டிக்காரர் வந்து சரிபார்ப்பார். பெட்டிக்குள் விளையாட்டுச் சாமான் இருந்து பிள்ளை ஒன்றை எடுத்தால், அதற்கு ஈடானதோ மேலானதோ ஒன்றை வைக்கவேண்டும். தின்பண்டம் மட்டும் கூடவே கூடாது. குரங்கும் எறும்பும் பெட்டியை விட்டுவைக்காது.

தோட்டப்புறத்தில் ஆபத்து உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் அவை தெரிந்த ஆபத்துகள்.

தோட்டம் தனியார் நிலம். நம் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய இடம் என்பதால் உள்ளே போகும் உரிமை நமக்கு வந்துவிடாது. செம்பனைக் குலைத் திருட்டு நடக்கும் காலம் இது. பையும் கையுமாக மரத்தடியில் குனிந்து தேடுகிற அந்நியரைக் காவல்காரர் சந்தேகப்படுவது நியாயம்தான். வாசலில் வண்டியை நிறுத்தி, தமிழராக இருந்தால் ‘அண்ணே’, மலாய்க்காரராக இருந்தால் ‘பாக்சிக்’ என்று மரியாதையாக அழைத்து, கைப்பேசியைக் காட்டி விளக்குங்கள். பிள்ளைகளும் பெரியவரும் உடன் இருந்தால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே வழி சொல்வார்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். குலை வெட்டும் பகுதிக்குள் போகாதீர்கள். முள்ளோடு கூடிய மட்டையும் குலையும் தலைக்கு மேலிருந்து விழும். மருந்து அடித்த புல்லில் பிள்ளைகள் உட்காரக் கூடாது. வெட்டிய மட்டைகளை வரிசையாகப் போட்டிருப்பார்களே, எலி தேடி நாகம் வந்து தங்கும் இடம் அது. அங்கே கை விட்டுத் துழாவுவது அறவே கூடாது. முதலில் குச்சி, பிறகுதான் கை. முழங்காலுக்குக் கீழே மூடிய உடை, மூடிய காலணி, அட்டைக்கு உப்பு. பால் மரக்காடு என்றால், காலையில் வெட்டு நடக்கும்போது வேலைக்காரர்களின் வழியில் நிற்காதீர்கள், பால் வடியும் மங்குகளைத் தொடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: செம்பனைத் தோட்டத்தில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது நாம் தேடிவந்தது அல்ல. எலிகளைப் பிடிக்கத் தோட்டக்காரர்கள் கூகை ஆந்தைகளுக்குக் கட்டிக்கொடுத்த கூடு அது. கீழே நின்று பார்க்கலாம். அந்தப் பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்ற பேச்சிலேயே ஒரு பத்து நிமிடம் நன்றாகப் போகும்.

பாம்பைவிட நான் அஞ்சுவது ஆற்றைத்தான். துப்பா, தித்தி ஹாயுன், செடிம் போன்ற மலையோடைகளை ஒட்டிப் பெட்டி தேடப் போகிறவர்கள் ‘கெபாலா ஆயர்’ பற்றித் தெரிந்திருக்கவேண்டும். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் காயும்போதே வெள்ளம் ஒரே மூச்சில் இறங்கிவிடும். 2021 ஆகஸ்ட் 18 அன்று குனோங் ஜெராயிலிருந்து அப்படித்தான் இறங்கியது. 2022 ஜூலை 4 அன்று பாலிங்கை அடுத்த கூப்பாங்கில் கிராமங்களையே அடித்துப்போனது. இரண்டிலும் உயிர்கள் போயின. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து மிதந்து வந்தாலோ, ஓடையின் இரைச்சல் மாறினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். மலையுச்சியில் மேகம் கட்டியிருக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம்.

பெட்டியே இல்லாத வகைகளும் இந்த விளையாட்டில் உண்டு. நிலவியல் இடங்களில் ‘எர்த்கேச்’ என்று ஒன்று. பாறையைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பவேண்டும். 2007-இல் யுனெஸ்கோவின் ஜியோபார்க் பட்டியலில் சேர்ந்த லங்காவி இதற்கு நல்ல இடம். ஒரு நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு அருகிலேயே பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மெர்போக்கில் புக்கிட் பத்து பாஹாட் சண்டி என்ற பழங்கோயில், அதன் அடியில் அருங்காட்சியகம், சற்றுத் தள்ளி சுங்கை பத்துவில் பழங்காலத்தவர் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை வந்த கடாரம் இது என்று பாடநூலில் படித்த பிள்ளை, அந்த எச்சங்களை எதிரே நின்று பார்க்கட்டும். ஆனால் அங்கே பெட்டி ஒளிக்கிற எண்ணம் யாருக்கும் வேண்டாம். 2013-இல் அந்தப் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டியை நில மேம்பாட்டுக்காக இடித்துத் தள்ளினார்கள். எஞ்சியிருப்பதில் ஒரு கல்லைக்கூட நம் விளையாட்டு அசைக்கக் கூடாது.

மாமியாரைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நான் அவரைத்தான் முதலில் வைப்பேன். காரில் உட்காரவைத்துக் காற்றுவாங்கச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று மாதம் மற்றவர்களின் பெட்டிகளைத் தேடிப் பழகியபின், நீங்களே ஒன்று வையுங்கள். அதற்கு அவரே வழிகாட்டி. கெடாவின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டன. ஹார்வர்ட், விக்டோரியா, ஹென்ரியேட்டா, பட்டாணி பாரா என்ற பெயர்கள் தமிழ்ப்பள்ளிப் பலகைகளில் நிற்கின்றன. லயம் எங்கே இருந்தது, பெரட்டுக் களம் எது, ஆயாக் கொட்டகை எந்தப் பக்கம், கிணறு எங்கே என்பது அவர் தலைமுறைக்குத்தான் தெரியும்.

அவர் வாழ்ந்த தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போங்கள். அவர் சொல்லச் சொல்லக் கணவர் எண்களைக் குறிக்கட்டும், பிள்ளைகள் வரைபடம் போடட்டும், நீங்கள் எழுதுங்கள். பல கட்டப் பெட்டி என்று ஒரு வகை உண்டு: முதல் இடத்தில் ஒரு கேள்வி, அதன் விடையில் அடுத்த இடத்தின் எண், கடைசி இடத்தில் பெட்டி. பொதுச் சாலையிலிருந்தே விடை தெரியும்படி கேள்விகளை அமைத்தால் தேடுகிறவர்கள் தோட்டத்துக்குள் நுழையவே வேண்டியதில்லை. பள்ளியிலும் கோயில் வளாகத்திலும் பெட்டி வேண்டாம். பூட்டிய பள்ளிச் சுவரையோ மூலஸ்தானத்து வாசலையோ அந்நியர் துழாவுவது நன்றாக இருக்காது.

பெட்டிப் பக்கத்தில் எழுதும் குறிப்பு மூன்று மொழியிலும் இருக்கட்டும். தமிழில் எழுதுவது முழு நீளத்துக்கு இருக்கட்டும். பீடோங் பக்கம் வைக்கிறீர்கள் என்றால், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்து 1940-களில் கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். ஜப்பானிலிருந்து வந்து பெட்டி தேடுகிறவர் அதைப் படித்துவிட்டு அந்தச் சாலையை வேறு கண்ணால் பார்ப்பார். உங்கள் பிள்ளைகளும்தான்.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். நில உரிமையாளரிடமோ நகராண்மைக் கழகத்திடமோ அனுமதி வாங்குங்கள். அருகில் உள்ள வேறு பெட்டிக்கும் உங்களுடையதற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். நான்கு பக்கமும் பூட்டும் உணவு டப்பா போதும், கண்ணாடி வேண்டாம். நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றும் வையுங்கள். மூடிக் குழிவில் மழைநீர் தேங்காத வடிவமாகப் பாருங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடி தண்ணீர் போதும். எல்லாம் முடிந்து பதிவு அனுப்பினால், தன்னார்வப் பரிசோதகர் பார்த்த பிறகே வெளியிடுவார். அவர் கேட்கும் முக்கியக் கேள்வி, பெட்டியைத் தொடர்ந்து கவனிக்க நீங்கள் அருகில் வசிக்கிறீர்களா என்பது. சுற்றுலா வந்தவர் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக அந்த விதி. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் உங்களுக்கு அது தடையே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்த் திறந்து பாருங்கள். ஈர நோட்டை மாற்றும் பொறுப்பை மூத்த பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.