பட்டாளத்துக் குடும்பமும் பல் கட்டும் செலவும்



சாத்தூர்ச் சேவைக் கடித்துத் தின்ன முடியவில்லையே என்று குறைப்படும் பெரியவர்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். பல் போனால் கூழும் குழைந்த சோறும் போதும் என்று பொறுத்துக்கொண்டது அந்தக் காலம். இப்போது ஊர்க் கூட்டங்களில் வேறு மாதிரிக் கேள்வி வருகிறது. "தாடையில ஆணி இறக்கி நிரந்தரமாப் பல்லுக் கட்டுறாங்களாமே. எங்க வீட்டுக்காரரு மிலிட்டரியில இருந்து வந்தவரு. அந்தச் செலவை சர்க்கார் குடுக்குமா?"

குடுக்கும் என்றோ குடுக்காது என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்வதற்கில்லை. முதலில் அந்த 'ஆணி' என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு காசு விஷயத்துக்கு வருவோம்.

அது ஆணி அல்ல, திருகாணி. டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்தது. நம் பகுதிக்காரர்களுக்கு இது புதுப் பெயர் அல்ல. சில வாணங்களில் வெள்ளிப் பொறி சிதறுவதற்காக இதே டைட்டானியத் தூளைத்தான் மருந்தில் கலக்கிறார்கள். இந்த உலோகம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதை 1952-இல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் பிரானெமார்க், முயலின் காலெலும்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பொருத்தினார்கள். திருகாணியை இறக்கியபின் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளச் சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்குப் பிறகே மேலே பல் வைப்பது வழக்கம். ஆக, இது ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. ஒரே கட்டணமும் அல்ல. திருகாணிக்கு ஒன்று, மேலே வைக்கும் பல்லுக்கு ஒன்று, எலும்பு தேய்ந்திருந்தால் எலும்பு வைத்துக் கட்ட இன்னொன்று என்று செலவு தனித்தனியாக ஏறும். "மொத்தம் எவ்வளவு? இதில் மேல் பல்லும் சேர்ந்ததா?" என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், பீடியோ புகையிலையோ விடாதவர், ஈறில் சீழும் ரத்தமும் வருகிறவர் ஆகியோருக்குத் திருகாணி ஒட்டாமல் ஆடி விழுந்துவிடும் ஆபத்து அதிகம். முதலில் ஈறைச் சுத்தம் செய்து, சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பணம் இருக்கிறது என்பதற்காக எலும்பு அவசரப்படாது.

இன்னொரு விஷயத்தையும் தீப்பெட்டி ஊர்க்காரர்களாகிய நாம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அதன் ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளுக்குச் சாதாரணப் பல்வலி போல ஆரம்பித்து, தாடை எலும்பே செத்து, சீழ் பிடித்துப் போனது. 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அதைத் தடுக்க ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கியது 1920-களில். அதாவது அந்த விஷம் விலக்கப்பட்ட பிறகுதான் நம் ஊர்த் தொழில் பிறந்தது. தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். அது வேறு சமாசாரம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இதே போலத் தாடை எலும்பு செத்துப்போவது இன்று வேறொரு வழியில் வருகிறது. எலும்புத் தேய்மானத்துக்கும், எலும்பில் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கிற 'பிஸ்பாஸ்பனேட்' வகை மருந்துகள் இருக்கின்றன. வாரம் ஒரு மாத்திரையாகவோ, வருடம் ஒரு ஊசியாகவோ கொடுப்பார்கள். இவற்றை எடுப்பவர்களில் சிலருக்கு, அபூர்வமாக, பல் பிடுங்கின இடம் ஆறாமல் எலும்பு தெரிய ஆரம்பிக்கும். வயதான தாய்மார்களே, இப்படி மருந்து எடுத்தால் மருந்துச் சீட்டைப் பல் டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

இனிக் காசு. 'மிலிட்டரி' என்று ஊரில் ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சலுகை என்று வரும்போது ஆளுக்கு ஒரு வாசல் இருக்கிறது.

பிள்ளையோ கணவரோ இப்போது இராணுவத்தில் வேலையில் இருந்தால், அவருக்கும் அவரை நம்பியுள்ள குடும்பத்தாருக்கும் இராணுவ ஆஸ்பத்திரியிலும் இராணுவப் பல் மருத்துவ நிலையங்களிலும் இலவச வைத்தியம் உண்டு. பல் வைத்தியத்துக்கென்றே 1941 பிப்ரவரி 1-ஆம் தேதி ஏற்படுத்தப்பட்ட இராணுவப் பல் மருத்துவப் படை இருக்கிறது. நமக்குள்ள சங்கடம் தூரம்தான். சென்னை, வெலிங்டன், திருவனந்தபுரம் என்று போக வேண்டியிருக்கும். பல் வேலைக்கு ஒரு தடவை போய் முடியாது, நாலைந்து தடவை நடக்க வேண்டும். ஆகையால் அவர் விடுமுறையில் வருகிற தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். அல்லது அவர் பணியிடத்தில் குடும்பத்தோடு இருக்கும் காலத்திலேயே பல்லைக் கவனித்துவிடுங்கள்.

ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குகிறவருக்கு 2003 ஏப்ரல் 1 முதல் நடந்துவரும் ஈ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். பதவிக்குத் தக்கபடி ஒரே தடவை பணம் கட்டிச் சேர வேண்டும். 1996 சனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும், போரில் கணவரை இழந்த பெண்களுக்கும் அந்தப் பணம் இல்லை. மனைவி, சம்பாதிக்காத பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோருக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் ஆளுக்கு ஆள் தனி அட்டை வேண்டும். "அவரு கார்டு இருக்கே, அதைக் காட்டுனாப் போதாதா?" என்றால், போதாது. கணவர் காலமாகிவிட்டால் குடும்பப் பென்ஷன் வாங்கும் மனைவி தம் பேருக்கு அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் தாமதித்து, வலி வந்த பிறகு அலைகிற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் திட்டத்தில் முதல் படி பொதுவாகப் பாலிகிளினிக்தான். அங்கே உள்ள பல் டாக்டர் பார்த்து, அங்கேயே முடிவதை முடிப்பார். முடியாததை மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டோடு திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போனால், அனுமதித்த சிகிச்சைக்குக் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. திட்டம் கொடுப்பது சர்க்கார் நிர்ணயித்த விகிதப்படியே. தனியார் கேட்கிற தொகைப்படி அல்ல. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் காசு கிடையாது. பல் பிடுங்குதல், அடைத்தல், வேர் சிகிச்சை போலத் திருகாணி சுலபமாகக் கிடைத்துவிடாது. சாதாரணப் பல் செட்டோ, பக்கத்துப் பல்லைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜோ ஏன் போதாது என்பதற்கு மருத்துவக் காரணம் வேண்டும். ஆகவே அனுமதி எழுத்தில் வருவதற்கு முன் எந்தப் பல்லிலும் கை வைக்க விடாதீர்கள். அவசர சிகிச்சைக்குச் சீட்டு இல்லாமல் போக இடம் உண்டு. திருகாணிப் பல் அவசரம் ஆகாது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பென்ஷன் வாங்கும் பெரியவர், விளம்பரத்தைப் பார்த்துத் தனியாரிடம் போய் நான்கு திருகாணி போட்டுக்கொண்டார். பணத்துக்கு மருமகளின் சங்கிலி அடகுக்குப் போனது. பிறகு பில்லை எடுத்துக்கொண்டு பாலிகிளினிக்குக்குப் போனார். சீட்டும் இல்லை, முன் அனுமதியும் இல்லை; ஒரு பைசா வரவில்லை. பல் நன்றாகத்தான் இருக்கிறது. சங்கிலிதான் இன்னும் வீடு திரும்பவில்லை.

எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். ஆகியவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவை. அவர்களுக்கு ஈ.சி.எச்.எஸ். அல்ல, பணியில் இருப்போருக்கும் குடும்பத்துக்கும் 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் சி.ஏ.பி.எஃப். திட்டம் தனி. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருடம் பணி செய்து திரும்பும் அக்னிவீரருக்கும், அந்தப் பணியை வைத்து ஈ.சி.எச்.எஸ். கிடையாது. மகனை அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்தே அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று சந்தேகமாக இருந்தால் விருதுநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அதே வீட்டில் மருமகளோ மகளோ பட்டாசு ஆலைக்கோ அச்சகத்துக்கோ போகிறாரா? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று பாருங்கள். 2017 சனவரியில் இதற்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. பல் வைத்தியமும் அதில் சேர்ந்தது. வேலையில் நேர்ந்த விபத்தில் பல் போனவருக்குப் பல் செட்டுக் கட்டிக் கொடுக்கவும் இ.எஸ்.ஐ.யில் வழி உண்டு. ஆனால் அது வேலையில் நேர்ந்த காயம் என்பது அன்றைக்கே விபத்து அறிக்கையில் பதிவாகியிருக்க வேண்டும். தீக்காயத்தைப் பார்க்கிற பரபரப்பில் வாயில் பட்ட அடியை எழுத மறந்துவிடுகிறார்கள். கூட வந்தவர்கள் ஞாபகப்படுத்தி எழுத வையுங்கள்.

இந்த வாசல் எதுவும் இல்லாதவர்கள் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள். விருதுநகரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. கழற்றி மாட்டும் பல் செட்டைக் கேவலமாக நினைக்க வேண்டாம். சரியாக அளவெடுத்துச் செய்த செட்டில் இட்லி, தோசை, பருப்புச் சோறு எல்லாம் நிம்மதியாகச் சாப்பிடலாம். சேவு மாத்திரம் கொஞ்சம் ஊறட்டும். இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள். வெந்நீர் வேண்டாம், கோணிக்கொள்ளும். ஈறில் புண் பட்டால் அரத்தால் நீங்களே ராவிப் பார்க்காமல், செய்து கொடுத்த இடத்துக்கே எடுத்துப் போங்கள்.