வெள்ளத்தேக்கப் படுகை திட்டமிடும் முறை

மேற்பகுதியில் பெருகிவரும் வெள்ளத்தின் ஒரு பங்கைச் சில மணி நேரமோ சில நாள்களோ நிறுத்திவைத்து, கீழ்ப்பகுதியில் ஆற்றின் கரைகள் தாங்கும் அளவுக்கு மட்டும் வெளியேற்றும் அமைப்பே வெள்ளத்தேக்கப் படுகை ஆகும். பாசன ஏரிக்கு நிறைந்திருப்பது சிறப்பு. இப்படுகைக்கோ மழைக்கு முன் வெறுமையாக இருப்பதே சிறப்பு. 1913 மார்ச்சில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரம் மூழ்கிய பின், பொறியாளர் ஆர்தர் மோர்கன் வகுத்த திட்டப்படி கிரேட் மியாமி ஆற்று வடிநிலத்தில் 1922க்குள் கட்டி முடிக்கப்பட்ட ஐந்து உலர் அணைகள் இதற்குத் தக்க முன்மாதிரியாகும்.

1. வெள்ளத்தை அளவிடுதல்: மழைப்பதிவுகள், ஆற்றின் நீரோட்டப் பதிவுகள், பழைய வெள்ளத் தடங்கள் ஆகியவற்றைக் கொண்டு, எவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என முடிவு செய்ய வேண்டும். மியாமித் திட்டம் 1913 வெள்ளத்தைவிட 40 விழுக்காடு கூடுதலான வெள்ளத்துக்கு வடிவமைக்கப்பட்டது.

2. ஆற்றின் தாங்குதிறனை அறிதல்: கீழ்ப்பகுதியில் மிகக் குறுகிய இடம், தாழ்ந்த கரை, பாலத்தின் கண் ஆகியவற்றை அளந்து, கரை மீறாமல் செல்லக்கூடிய நீரளவைக் கண்டறிய வேண்டும்.

3. கொள்ளளவைக் கணக்கிடுதல்: முதற்கட்ட மதிப்பீட்டுக்கு, உச்ச நீர்வரத்துக்கும் அனுமதிக்கும் வெளியேற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டை வெள்ளக் காலத்தால் பெருக்கிப் பாதியாக்கலாம். நொடிக்கு 500 கன மீட்டராக வரும் உச்ச வெள்ளத்தை 300ஆகக் குறைக்க வேண்டும், வெள்ளம் 10 மணி நேரம் நீடிக்கும் என்றால், 200 கன மீட்டரை 36,000 நொடிகளால் பெருக்கிப் பாதியாக்க, 36 இலட்சம் கன மீட்டர் கொள்ளளவு தேவை எனத் தெரியும். இறுதி வடிவமைப்புக்கு நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு மூன்றையும் மணிவாரியாகக் கணக்கிட வேண்டும்.

4. இடத்தைத் தேர்தல்: காக்க வேண்டிய ஊருக்கு மேலே, அகன்ற தாழ்நிலமும் குறுகிய வாயிலும் உள்ள இடம் ஏற்றது. ஆனால் கிளையாற்றில் தாமதப்படுத்திய நீர், முதன்மை ஆற்றின் உச்ச வெள்ளத்தோடு ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் கேடு கூடுமாதலால், வடிநிலம் முழுவதையும் ஒருசேர ஆராயாமல் எந்தப் படுகையையும் அமைக்கலாகாது.

5. வெளியேற்றத்தை வடிவமைத்தல்: மியாமி அணைகளில் கதவுகளே இல்லை, நிலையான அளவுள்ள திறப்புகள் இயல்பான நீரோட்டத்தை விட்டுவிட்டு மிகையானதை மட்டும் தேக்குவதால், நள்ளிரவில் மதகைத் திறக்க எவரும் ஓட வேண்டியதில்லை. மரக்கிளைகள் அடைக்காதபடி திறப்பின் முன் கம்பித் தடுப்பு வேண்டும். எதிர்பாராப் பெருவெள்ளம் மண்கரையின் மேல் வழிந்து அதை உடைத்துவிடாமலிருக்க, உறுதியான கலிங்கும் கட்டாயமாகும்.

6. நில உரிமையைத் தீர்த்தல்: படுகையில் வேளாண்மை தொடரலாம், வீடுகள் எழக் கூடாது. வெள்ளநீரைத் தேக்கிவைக்கும் உரிமையை உரிய இழப்பீட்டுடன் பத்திரத்தில் பதிவு செய்ய வேண்டும்.

7. பராமரித்தல்: ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் வண்டலை அகற்றி, கரையில் முளைத்த மரங்களை நீக்கி, நீர்க்கசிவைச் சோதிக்க வேண்டும்.

வறண்ட ஆண்டுகளில் காலியான படுகையில் நீரைச் சேமிக்கவும், மனை போடவும் எழும் ஆசையே இத்திட்டத்தின் பெரும்பகை. மின்னுற்பத்திக்கோ நீர்ச்சேமிப்புக்கோ பயன்படுத்தினால் கீழுள்ள நகரங்களுக்கு ஆபத்து என மியாமி அணைகளிலேயே எச்சரிக்கை பொறிக்கப்பட்டுள்ளது. காலியிடத்தைக் காலியாகவே காக்கும் சட்டமும் மன உறுதியும் இல்லாத ஊரில், எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டுக் கட்டிய படுகையும் வெள்ளத்தைத் தடுக்காது.