தாய்ப்பாலும் நல்ல கிருமியும்: பிள்ளையின் கரப்பான் குறையுமா?



லயத்தில் ஒரு கைப்பிள்ளைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்துவிட்டால், எல்லோரும் முதலில் கேட்பது "தாய்க்காரி என்னத்தத் தின்னா?" என்பதுதான். பிறகு முட்டை கூடாது, மீன் கூடாது என்பார்கள். கடைசியில் "பால் ஒத்துக்கல, நிப்பாட்டு" என்று வந்து நிற்கும். இதனால் தாயும் மெலிகிறாள், பிள்ளையும் மெலிகிறது. ஆகவே இந்தப் பாடத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

ஒவ்வாமை என்றால் என்ன?

நம்முடைய உடம்புக்குள் நோயை எதிர்க்கும் ஒரு காவல் இருக்கிறது. அது சாதாரண உணவையோ தூசியையோ எதிரி என்று நினைத்துச் சண்டை பிடித்தால் அதுதான் ஒவ்வாமை. கரப்பான், இழுப்பு, ஓயாத தும்மல் ஆகியவை இப்படி வரலாம். தாய்க்கோ தகப்பனுக்கோ இவை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இது யாருடைய குற்றமும் இல்லை.

நல்ல கிருமி என்று ஒன்று உண்டா?

உண்டு. பாலைத் தயிராக்குவது அப்படிப்பட்ட கிருமிதான். பிறந்த பிள்ளையின் குடலிலும் கிருமிகள் குடியேறுகின்றன. எது நண்பன், எது எதிரி என்று உடம்பின் காவல் பழகுவதற்கு அவை உதவுகின்றன. தாய்ப்பாலில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. அதைப் பிள்ளையால் செரிக்க முடியாது. அது குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கான சாப்பாடு. சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள் நிறைய உண்டு. அதனால்தான் முதல் மஞ்சள் பாலைப் பீச்சிக் கொட்டக் கூடாது என்கிறோம்.

தாய்க்கு நல்ல கிருமி கொடுத்தால்?

நோர்வே நாட்டில் துரொண்ட்ஹைம் நகரில் இதைச் சோதித்தார்கள். 415 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நல்ல கிருமி சேர்த்த பால், மற்றவர்களுக்குக் கிருமி சேர்க்காத அதே மாதிரிப் பால். கர்ப்பத்தின் 36ஆம் வாரத்திலிருந்து பிள்ளைக்கு 3 மாதம் ஆகும்வரை தாய்மார் மட்டும் குடித்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. 2 வயதுக்குள் கரப்பான் வந்த பிள்ளைகள், ஒரு பக்கம் 100க்கு 34 பேர்; நல்ல கிருமி குடித்த தாய்மாரின் பக்கம் 21 பேர். ஆனால் இழுப்பு குறையவில்லை.

பின்லாந்தில் 2001இல் வெளியான சோதனையிலும் கரப்பான் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஜேர்மனியில் 2008இல் வெளியான சோதனையில் ஒரு பலனும் தெரியவில்லை. ஆகவே இது கொஞ்சம் நம்பிக்கை தரும் செய்தி, அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டுச் சம்பளக் காசில் விலை கூடிய குளிசையோ மாவோ வாங்க ஓட வேண்டாம். வாங்க நினைத்தால் முதலில் கிளினிக்கில் டாக்டரிடம் கேளுங்கள்.

"அப்போ தயிர் சாப்பிடலாமா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல சத்து. காய்ச்சிய பாலில் உறைந்த தயிராக இருக்கட்டும். ஆனால் அந்தச் சோதனைகளில் கொடுத்தது தேர்ந்தெடுத்த சில கிருமிகள். சட்டித் தயிர் அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது.

நம்மால் செய்யக் கூடியவை

1. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுங்கள். 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும். தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கும் கரப்பான் வரலாம். ஆனாலும் வயிற்றோட்டம், சளிக் காய்ச்சல் ஆகியவற்றிலிருந்து அது காப்பாற்றுகிறது. கரப்பான் வந்தது என்று பாலை நிறுத்தாதீர்கள்.

2. கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் ஒவ்வாமைக்குப் பயந்து முட்டை, மீனை ஒதுக்க வேண்டாம். அப்படி ஒதுக்குவதால் பிள்ளைக்கு ஒவ்வாமை வராமல் போவதில்லை. 6 மாதம் முடிந்ததும் பிள்ளைக்கும் இவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஏற்கனவே கடுமையான கரப்பான் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

3. வேலைக்குத் திரும்பினாலும் பால் கொடுக்கலாம். பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, வேலை நேரத்தில் இரண்டு தடவை பால் கொடுக்கப் போவதற்கு மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இடம் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒரு தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கை கழுவி, சுத்தமான கோப்பையில் பீச்சி மூடி வைத்த பாலை 4 மணித்தியாலத்துக்குள் கரண்டியால் கொடுக்கச் சொல்லலாம்.

4. அடுப்புப் புகை, பீடி, சிகரட் புகை பிள்ளைக்குப் பட விடாதீர்கள். இழுப்புக்கு இது கெடுதி. தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

5. கரப்பான் உள்ள பிள்ளையை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, ஈரம் காய முன்னர் வாசனை இல்லாத வஸ்லின் பூசுங்கள். நகத்தை வெட்டி விடுங்கள். புண்ணில் நீர் வடிந்தால் கிளினிக்குக் கொண்டு போங்கள்.

அவசரம்: ஏதாவது சாப்பிட்டதும் உதடு, முகம் வீங்கி மூச்சு முட்டினால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள். உடனே 1990க்குக் கூப்பிடுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

- கரப்பான் வந்தால் தாயைக் குறை சொல்வது சரியா?
- நம் டிவிசனில் பால் கொடுக்கும் நேரம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் சொல்ல வேண்டும்?