கோசுக்குக் காவல் கடுகுப் பூ

கார்த்திகை மாதம் எங்கள் தோட்டத்துப் பக்கம் வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே மஞ்சள் கரை போட்ட சேலைமாதிரி கடுகு பூத்து நிற்கும். "அழகுக்கு வச்சீங்களா சார்?" என்று கேட்பார்கள். அழகுக்கு இல்லை. ஒரு வருஷ நஷ்டத்துக்குப் பிறகு வைத்தது. அதையும் சரியாக வைக்கத் தெரியாமல் இரண்டாவது வருஷமும் நஷ்டப்பட்டேன். மூன்றாவது வருஷம்தான் புரிந்தது. கோஸ், காலிஃபிளவர் போட நினைக்கிற நண்பர்கள் அந்த இரண்டு வருஷத்தை மிச்சப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் இரண்டரை ஏக்கர். முதல் வருஷம் 30 சென்ட்டில் சுமார் 6,000 கோஸ் நாற்று நட்டேன். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா எல்லாம் தவறாமல் கொடுத்தேன். இலை விரித்து வந்தது பார்த்து வீட்டுக்காரம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். நட்ட நாற்பதாம் நாள் இலையைத் திருப்பிப் பார்த்தால் சல்லடை. குருத்திலேயே புழு. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வாரம் ஒரு மருந்து மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கடை வாசல் வரை போய் நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வாங்காமல் திரும்பினேன். கோசும் வீட்டுக்கு வரவில்லை. பாதிக்கு மேல் மாட்டுக்குத்தான் போனது.

அந்தப் புழுவை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வைரமுதுகுப் பூச்சி என்று பெயர். தாய்ப்பூச்சி அரை விரற்கடை நீளம்கூட இருக்காது. சாம்பல் பழுப்பு நிறம். இறகை மடக்கி உட்காரும்போது முதுகில் வைரக்கல் வடிவம் மூன்று வரிசையாகத் தெரியும். புழு வெளிர் பச்சை. தொட்டால் நெளிந்து, நூல் விட்டுக் கீழே தொங்கும். வேறு புழு இப்படித் துள்ளாது, அதனால் அடையாளம் சுலபம். இலையின் அடிப்பக்கம் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைப்பதால் இலையில் கண்ணாடி ஜன்னல் வைத்ததுபோல இருக்கும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பூச்சியாக இரண்டு, மூன்று வாரம் போதும். ஆக, ஒரு கோஸ் பயிருக்குள் மூன்று, நான்கு தலைமுறை பார்த்துவிடும்.

மருந்தால் இதை ஏன் அடக்க முடியவில்லை என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. டிடிடி மருந்து வந்து சில வருஷங்களிலேயே, 1953-ல், இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இந்தப் பூச்சி அதைத் தாங்கி நிற்பது பதிவானது. அதன் பிறகு வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாக ஜெயித்துக்கொண்டே வந்தது. நாம் இயற்கை வழி என்று நம்புகிற பிடி என்ற பாக்டீரியா மருந்தைக்கூட 1990-ல் ஹவாய்த் தீவில் தாங்கிக் காட்டியது. எனவே "இது ஆர்கானிக் மருந்துதானே" என்று வாரா வாரம் அடிப்பதும் அதே தப்புதான்.

நஷ்டப்பட்ட வருஷம் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருத்தர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "மேனேஜர் சாரு, ராகியில நாங்க கடுகு விடுறது தாளிக்கிறதுக்கு மட்டும்னா நெனச்சீங்க? கோசு நடுவுலயும் விட்டுப் பாருங்க" என்றார். எங்கள் பக்கம் ராகிக்கு நடுவே அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு என்று வரிசை விடுவது பழைய வழக்கம். கன்னடம் பேசுகிறவர்கள் அதை அக்கடி என்பார்கள். அந்த அம்மா சொன்னதைப் பிறகு படித்துப் பார்த்தபோது, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் அதையேதான் சொல்லியிருந்தது. 25 வரிசை கோசுக்கு ஒரு ஜோடி வரிசை கடுகு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 20 வரிசைக்கு ஒரு வரிசை என்கிறது.

காரணம் எளிமையானது. கோசும் கடுகும் ஒரே குடும்பம். கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறுகிற காரம் இருக்கிறதே, அந்தக் காரத்துக்கு மூலமான பொருள்கள் இந்தக் குடும்பம் முழுவதும் உண்டு. அந்த வாசனையைப் பிடித்துத்தான் பூச்சி முட்டையிட இடம் தேடுகிறது. கடுகும் கோசும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது முதலில் கடுகில்தான் உட்காரும்.

குடும்பம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு ஒரு ஏப்ரலில் போயிருந்தேன். கல் சுவர் மேலிருந்து ஊதாப் பூ பாயாக வழிந்து கிடந்தது. ராக்கிரெஸ் என்றாள். கிட்டே போய்ப் பார்த்தால் நான்கு இதழ், கூட்டல் குறி மாதிரி. உள்ளே ஆறு கேசரம். நான்கு நீளம், இரண்டு குட்டை. அச்சாக நம்ம கடுகுப் பூ! நிறம்தான் வேறு. நல்ல வெயில் கேட்கும், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும், பூ முடிந்ததும் கத்திரியால் பாதிக்கு வெட்டிவிட்டால் மறுபடி அடர்ந்து தழைக்கும் என்று மகள் சொன்னாள். விதை எடுத்து வர ஆசைதான். தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அதற்கு அனுமதியும் சான்றிதழும் வேண்டும். வாழ்க்கை முழுக்க மற்றவர்களிடம் டாக்குமெண்ட் கேட்டவன் நான், கையை வீசிக்கொண்டு திரும்பினேன். குளிர்நாட்டு மலைச்செடி நம்ம சித்திரை வெயிலுக்கு நிற்கவும் நிற்காது. ஆனால் அந்தக் கத்திரி விஷயத்தை மட்டும் மனதில் போட்டுக்கொண்டேன்.

இப்போது என் இரண்டாவது வருஷத் தப்பு. கோஸ் நட்ட அன்றே கடுகையும் விதைத்தேன். பூச்சி வந்தபோது கடுகு இரண்டு இலைப் பருவம். அதில் உட்கார இடமில்லை. பூச்சி நேராகக் கோசுக்குப் போய்விட்டது. தாமதமாகக் கடுகு வளர்ந்து பூத்தபோது தேனீக்கள் மொய்த்தன. அதைப் பார்த்து மயங்கி, கடுகில் இருந்த புழுவை நான் ஒன்றும் செய்யவில்லை. "கோசை விட்டுட்டு கடுகைத் தின்னா தின்னுட்டுப் போகட்டுமே" என்ற தாராளம். அந்தப் புழுவெல்லாம் கூடு கட்டி, பூச்சியாகி, இரண்டு வாரம் கழித்துக் கோசில் இறங்கியது. கடனைக் கொடுத்துவிட்டு வசூலிக்காமல் விட்ட கிளை மாதிரி ஆயிற்று. பொறி வைத்தவன் பொறியைக் காலி செய்யாவிட்டால் அது பொறி இல்லை, நாற்றங்கால்.

மூன்றாவது வருஷத்திலிருந்து இப்படிச் செய்கிறேன். கோஸ் நாற்று நடுவதற்கு 15 நாள் முன்னால் முதல் வரிசைக் கடுகு. நட்ட 25 நாள் கழித்து அதை ஒட்டி இரண்டாவது வரிசை. முதல் வரிசை முற்றிக் காய ஆரம்பிக்கும்போது இரண்டாவது வரிசை இளசாக நிற்க வேண்டும்; பூச்சி இளசைத்தான் விரும்பும். என்னுடையது சின்ன இடம் என்பதால் நான்கு பக்க ஓரத்திலும் ஒரு வரிசை விடுகிறேன். வெளியிலிருந்து வருகிற பூச்சி முதலில் ஓரத்தில்தானே இறங்கும்.

எங்கள் ஊர் சீதோஷ்ணத்துக்குப் புரட்டாசி முதல் வாரம் கடுகு விதைப்பு. ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து, விரலால் கீறிய கோட்டில் தூவி லேசாக மூடினால் போதும். ஆழமாகப் போனால் முளைக்காது. நாலைந்து நாளில் முளைத்துவிடும். அடுத்து எல்லோரும் செய்யத் தயங்குகிற வேலை, கலைப்பது. இரண்டு வாரத்தில் அரை அடிக்கு ஒரு செடி விட்டு மீதியைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கியது வீணில்லை, கடுகுக்கீரை கடைசலுக்கு அவ்வளவு ருசி. ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கிற இடமானால் பார் பிடித்து மேட்டில் விதையுங்கள். உரம் தனியாக வேண்டாம். மொட்டு தெரிந்ததும் நுனியை ஒரு விரற்கடை கிள்ளிவிடுகிறேன். பக்கக்கிளை வெடித்துப் பூக்கிற காலம் நீள்கிறது. மகளின் கத்திரி தந்த யோசனை இது.

வாரம் இரண்டு நாள் காலையில் கடுகு வரிசையில் நடப்பேன். அகலமான தாம்பாளத்தில் சோப்புத் தண்ணீர். செடியைச் சாய்த்துத் தட்டினால் புழு நூல் விட்டு அதில் விழும். அதிகம் பாதித்த செடியைப் பிடுங்கிக் கோழிக்குப் போட்டுவிடுவேன். கை வேலை சமாளிக்காத அளவுக்கு வந்தால் மட்டும் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். 5 கிலோ பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து தெளிக்க வேண்டும். கடுகு வரிசைக்கு மட்டும். அதுவும் தேனீ கூடு திரும்பின பிறகு சாயங்காலம். கோசுக்கு அடிக்க வேண்டிய அவசியம் அபூர்வமாகத்தான் வருகிறது.

ஒன்றில் கவனம் வேண்டும். இலையடியில் இரண்டு வகைக் கூடு தெரியும். கொசுவலை போல இழையாக இருந்து உள்ளே பச்சையோ பழுப்போ தெரிந்தால் அது வைரமுதுகின் கூடு, நசுக்கிவிடுங்கள். அரிசி நொய் மாதிரி வெள்ளையாக, உள்ளே ஒன்றும் தெரியாமல் ஒட்டியிருந்தால் அது கொட்டீசியா குளவியின் கூடு. அந்தப் புழுவைத் தின்று தீர்த்துவிட்டு வெளியே வந்த நம்ம கூட்டாளி. அந்த இலையைத் தொடாதீர்கள். இந்தக் குளவிக்கும், அசுவினி தின்கிற புழுக்களின் தாயான மிதவை ஈக்கும் வளர்ந்த பிறகு தேன்தான் சாப்பாடு. கடுகுப் பூ அவற்றுக்கு மெஸ். நான் முதலில் இந்த வித்தியாசம் தெரியாமல் வெள்ளைக் கூட்டையெல்லாம் சிரத்தையாகப் பொறுக்கி நசுக்கினேன். இன்னும் வருத்தம்தான்.

விதைக்கு ஓரத்தில் பத்துச் செடி மட்டும் விட்டு, காய் மஞ்சளானதும் பனி ஈரத்தோடு அதிகாலையில் அறுத்துவிடுவோம். வெயில் ஏறினால் வெடித்துச் சிதறும். மற்றதையெல்லாம் கோஸ் அறுவடையோடு வேரோடு எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த போகம் வரை பூச்சிக்குச் சோறு.

அதே இடத்தில் மறுபடி கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் எதுவும் வேண்டாம். இன்னொரு விஷயம், கடுகுக் குடும்பத்து வேர்கள் வேம் பூஞ்சையோடு உறவு வைத்துக்கொள்ளாது. அதனால் அடுத்த பயிருக்கு அந்தப் பூஞ்சை மண்ணில் குறைந்திருக்கும். நான் தொழுவுரத்தில் வேம் கலந்து போட்டு பீன்ஸ் விதைக்கிறேன். இந்தத் தை மாதம் பாதிப் பாத்தியில் பீன்ஸும் பாதியில் தட்டைப்பயறும் போட்டிருக்கிறேன். எது நன்றாக வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.